வறுமை வந்த வீட்டில் பிள்ளை இழப்பது எது?

 



2022ஆம் ஆண்டை உங்களில் எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிபொருள் நிலையங்களில் இரவு பகலாக நீண்டிருந்த வரிசைகளும், மணித்தியாலக் கணக்கில் நீடித்த மின்வெட்டும், எரிவாயு இன்றி விறகடுப்புக்குத் திரும்பிய சமையலறைகளும் இன்னும் நம் கண்முன் நிற்கின்றன. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் நாடு தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. உணவுப் பொருட்களின் விலையேற்றமோ 90 சதவீதத்தையும் தாண்டியது.

அந்நாட்களில் ஒரு மாலை, மஃரிப் தொழுகைக்குப் பின்னர் ஒரு சகோதரர் என்னருகே வந்து அமர்ந்தார். மரவேலைப் பட்டறையொன்றில் நீண்ட காலம் பணியாற்றியவர். பட்டறை மூடப்பட்டுச் சில வாரங்கள் ஆகியிருந்தன. "மௌலவி, பட்டினியைத் தாங்கிக் கொள்கிறோம். ஆனால் என் மகன் என்னோடு பேசுவதில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான்" என்று அவர் கூறினார். நான் அவருக்குப் பொறுமையின் சிறப்பை எடுத்துரைத்தேன். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னேன். ஜமாஅத்தாரிடம் பேசி, அவரது வீட்டுக்கு ஒரு உலர் உணவுப் பொதியும் கிடைக்கச் செய்தேன். அவர் நன்றி கூறிச் சென்றுவிட்டார்.

என் பதிலில் இருந்த குறை வெகுநாட்களுக்குப் பின்னரே எனக்குப் புரிந்தது. அவர் தமது மகனைப் பற்றிக் கேட்டார். நான் அரிசியைப் பற்றிப் பதில் கூறினேன்.

அந்தக் குறையை எனக்கு உணர்த்தியவை, குடும்பங்களும் சமூகமும் எவ்வாறு மாற்றமடைகின்றன என்பதைப் பல துறை அறிஞர்கள் ஒன்றிணைந்து ஆராய்ந்த சில ஆய்வுகளாகும். வருமானம் வீழ்ச்சியடைந்த வீட்டில் பிள்ளைக்கு உண்மையில் என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு அவை கூறும் விடை, பெற்றோராகிய நாமும் நாளை பெற்றோராகப் போகும் இளைஞர்களும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

ஏடுகளுக்குள் இருந்த வீடுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஓக்லாந்து என்றொரு நகரம் உள்ளது. அதற்கு அண்மையில் பெர்க்லி நகரில் அமைந்துள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 1920, 1921ஆம் ஆண்டுகளில் பிறந்த 167 ஓக்லாந்துப் பிள்ளைகளை 1932 முதல் 1939 வரை தொடர்ச்சியாக அவதானித்து வந்தனர். வளரும் பருவத்தில் உடலும் உள்ளமும் அடையும் மாற்றங்களை அறிவதே அவர்களது நோக்கமாக இருந்தது. பிள்ளைகளின் உடல் வளர்ச்சியை அளந்தார்கள். குணநலன்களையும் நட்பையும் ஆர்வங்களையும் குறித்துக் கொண்டார்கள். தாய்மார்களிடம் வீட்டு நிலைமை பற்றி வினவினார்கள்.

அதே காலத்தில்தான் உலகை உலுக்கிய பெரும் பொருளாதார மந்தம் நிலவியது. 1929இல் தொடங்கிய அவ்வீழ்ச்சியின் உச்சமாகிய 1933இல், அமெரிக்காவில் வேலை செய்யக் கூடியவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்தார். ஓக்லாந்து ஆய்விலிருந்த குடும்பங்களின் வருமானமும் 1929க்கும் 1933க்கும் இடையில் ஏறக்குறைய 40 சதவீதத்தால் சரிந்தது.

1962ஆம் ஆண்டு கிளென் எல்டர் என்ற இளம் சமூகவியலாளர் அந்த ஆய்வு நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட அந்த ஏடுகளை அவர் வாசித்தபோது, வளரும் பிள்ளைகளோடு அவர்களைச் சுற்றி நிலைகுலைந்து கொண்டிருந்த வீடுகளும் அவர் கண்ணுக்குத் தென்பட்டன. ஏடுகளைத் திரட்டியவர்கள் பிள்ளையை அறிய முற்பட்டவர்கள். எல்டரோ பிள்ளையையும், வீட்டையும், அவ்வீட்டைத் தாக்கிய வரலாற்றையும் ஒருசேரப் பார்த்தார். அப்பிள்ளைகள் நடுத்தர வயதை அடையும் வரை சேர்க்கப்பட்ட தகவல்களைக் கொண்டு, 1974இல் "பெரும் மந்தத்தின் பிள்ளைகள்" என்று பொருள்படும் தலைப்பில் தமது நூலை வெளியிட்டார்.

ஒரு துறை போதாது

ஒரு குடும்பத்தை அறிய ஏன் பல துறைகள் தேவைப்படுகின்றன என்று இளைஞர்களே நீங்கள் கேட்கலாம். தந்தையின் வேலை பறிபோனதைப் பொருளியலாளர் விளக்குவார். தந்தையின் மனச்சோர்வை உளவியலாளர் விளக்குவார். அண்டை அயலாரிடம் குடும்பத்தின் மதிப்பு மாறியதைச் சமூகவியலாளர் விளக்குவார். அவ்வீழ்ச்சி ஏன் அந்த ஆண்டில் ஏற்பட்டது என்பதை வரலாற்றாசிரியர் கூறுவார். ஆனால் இவை நான்கும் ஒரே கூரையின் கீழ், ஒரே இரவுச் சாப்பாட்டு வேளையில் சந்திக்கின்றன. அங்கே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இவை வெவ்வேறு துறைகள் அல்லவே!

இவ்வாறு பார்ப்பது நமது அறிவு மரபுக்குப் புதியதும் அன்று. 1332ஆம் ஆண்டு துனிஸ் நகரில் பிறந்த இப்னு கல்தூன் அவர்கள், 1348, 1349ஆம் ஆண்டுகளில் பரவிய கொள்ளைநோயில் தமது பெற்றோரை இழந்தவர். 1377இல் அவர் எழுதிய முகத்திமா எனும் நூலில் நிலமும் தட்பவெப்பமும், தொழிலும் வரியும், ஆட்சியும் குலப்பற்றும், கல்வியும் கைத்தொழிலும் ஒன்றோடொன்று பிணைத்து ஆராயப்படுகின்றன. மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கும் என்பதை விளக்குவதற்கும் அந்நூலில் அவர் ஓர் இடத்தை ஒதுக்கியுள்ளார். அடக்குமுறைக்கு அஞ்சி வளரும் பிள்ளை உற்சாகத்தை இழந்து, பொய்யையும் பாசாங்கையும் பழகிக் கொள்கிறது என்பது அவரது கருத்து. இதனை நினைவில் இருத்திக் கொள்ளுங்கள்; ஆறு நூற்றாண்டுகளின் பின்னர் வந்த ஆய்வாளர்களும் இதற்கு மிக அருகிலேயே வந்து சேர்கிறார்கள்.

இழப்பு பிள்ளையைச் சென்றடையும் வழிகள்

எல்டர் அக்குடும்பங்களை இரு வகையாகப் பிரித்தார். வருமானத்தில் ஏறத்தாழ 35 சதவீதத்துக்கு மேல் இழந்தவை ஒரு வகை. அதனிலும் குறைவாக இழந்தவை மற்றொரு வகை. அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் பொருட்களின் விலையும் சுமார் கால்பங்கு குறைந்திருந்தமையால், சிறிதளவு வருமானம் குறைந்த குடும்பங்களால் ஓரளவு சமாளிக்க முடிந்தது. நடுத்தர வர்க்கத்தினரையும் தொழிலாளர் வர்க்கத்தினரையும் அவர் தனித்தனியே ஒப்பிட்டார்.

பெரிதும் இழந்த வீடுகளில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. முதலாவது, வீட்டுப் பொருளாதாரம் மாறியது. ஆண்பிள்ளைகள் பாடசாலை நேரத்துக்குப் பின்னர் கூலிக்குச் சிறு வேலைகளைச் செய்தார்கள். பெண்பிள்ளைகள் வீட்டு வேலைகளைத் தம் தோளில் சுமந்தார்கள். இரண்டாவது, உறவுகள் மாறின. சம்பாதிக்க இயலாத தந்தையின் இடம் சுருங்கியது; தாயே தீர்மானங்களின் மையமானாள். மூன்றாவது, குடும்பத்தின் மதிப்பு பற்றிய ஐயமும் மனஅழுத்தமும் வீட்டை நிறைத்தன.

இவற்றுள் முதலாவது மாற்றம் பற்றி எல்டர் கண்டறிந்தது பலரை வியக்க வைத்தது. வேலை செய்த ஆண்பிள்ளைகள் பொறுப்புணர்வு மிக்கவர்களாகவும் பணத்தைக் கவனமாகக் கையாள்பவர்களாகவும் காணப்பட்டார்கள். தன் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்ற உணர்வு அவர்களை விரைவில் பெரியவர்களாக்கியது. இழப்புக்குள்ளான நடுத்தரக் குடும்பத்து ஆண்பிள்ளைகளுட் பலர், பிற்காலத்தில் இழப்பைச் சந்திக்காதவர்களுக்கு எவ்விதத்திலும் குறையாத வாழ்க்கையை அமைத்துக் கொண்டார்கள். ஆகவே வறுமை வந்த வீட்டுப் பிள்ளையின் வாழ்வு அத்தோடு முடிந்தது என்று எவரும் தீர்ப்பளிக்க இயலாது.

எனினும் இதில் ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. ஓக்லாந்துப் பிள்ளைகள் மந்தத்தின் கடும் ஆண்டுகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதை எட்டியிருந்தவர்கள். பெர்க்லி நகரில் 1928, 1929ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளை அவதானித்த வேறோர் ஆய்வையும் எல்டர் ஒப்பிட்டுப் பார்த்தார். இவர்கள் அதே இன்னலைக் கைக்குழந்தைகளாகவும் தவழும் பருவத்திலும் சந்தித்தவர்கள். இழப்புக்குள்ளான வீடுகளின் சிறுவர்கள், வளரிளம் பருவத்தை எட்டியபோது தன்னம்பிக்கையும் எதிர்காலத்தைப் பற்றிய நம்பிக்கையும் குன்றியவர்களாக இருந்தார்கள், கல்வியிலும் பின்தங்கினார்கள். சிறுமிகள் தாயோடு நெருங்கியிருந்தமையால் அந்த அளவுக்குப் பாதிப்படையவில்லை. "குழந்தைக்கு என்ன விளங்கப் போகிறது?" என்று சொல்லிக் கொண்டு அதன் முன்னிலையில் சண்டையிடும் பெற்றோர்களே, இதனைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! கணக்கு விளங்காத வயதில்தான் குரலின் கடுமை ஆழமாகப் பதிகிறது.

தந்தையின் நாவும் தாம்பத்திய உறவும்

பெர்க்லி ஆய்வுக்கு மற்றுமொரு சிறப்புண்டு. மந்தம் தீவிரமடைவதற்கு முன்னரே அக்குடும்பங்களைப் பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டிருந்தன. எனவே தந்தையின் குணம் இழப்புக்கு முன்னர் எவ்வாறு இருந்தது, பின்னர் எவ்வாறு ஆனது என்று ஒப்பிட முடிந்தது. எல்டரும் அவரது சகாக்களும் 1980களில் வெளியிட்ட ஆய்வுகளில் பின்வருவன தெளிவாயின.

ஏற்கனவே சிடுசிடுப்பும் முன்கோபமும் கொண்டிருந்த தந்தையர், வருமானம் போனபின் மேலும் கடுமையானார்கள். நிதானமான தந்தையரிடம் அந்த அளவுக்கு மாற்றம் ஏற்படவில்லை. கணவன் மனைவி உறவு முன்னரே உறுதியாக இருந்த வீடுகளில் பண இழப்பு சச்சரவாக மாறுவது குறைந்தது. உறவு பலவீனமாக இருந்த வீடுகளில் அது பிளவை ஆழமாக்கியது. இழப்பு பிள்ளைகளைச் சென்றடைந்த பிரதான வழிகளுள் ஒன்று, தந்தையின் காரணமற்ற கடுமையும் புறக்கணிப்புமே ஆகும். தாயின் அன்பு நிறைந்திருந்த இடத்தில் அக்கடுமையின் வீச்சும் குறைந்திருந்தது.

இது அக்காலத்துக்கு மட்டும் உரிய உண்மையா என்ற கேள்வி எழுகிறது. 1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாய நிலங்களின் விலை வீழ்ந்து, கடன்பட்ட விவசாயிகள் பலர் தம் நிலங்களை இழந்தனர். 1989இல் ராண்ட் கொங்கர் என்ற ஆய்வாளரும் எல்டரும் ஏனையோரும் இணைந்து, அங்கு கிராமப்புறங்களில் வாழ்ந்த 451 குடும்பங்களை ஆராயத் தொடங்கினர். வினாக்கொத்துகளோடு நின்றுவிடாமல், குடும்பத்தினர் தம் வீட்டில் ஒன்றாக அமர்ந்து உரையாடுவதையும் ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்ட சங்கிலி இவ்வாறு அமைந்தது. வருமானம் குறைகிறது. பட்டியல்களைச் செலுத்த முடியாமை, அவசியமானவற்றையே குறைத்துக் கொள்ள வேண்டிய நிலை ஆகியவை நாளாந்த நெருக்கடியாக மாறுகின்றன. நெருக்கடி பெற்றோரின் மனதைச் சோர்வடையச் செய்கிறது. சோர்ந்த மனங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதலில் களைத்த பெற்றோர் பிள்ளையிடம் ஒருநாள் கடுமையாகவும் மறுநாள் கவனமின்றியும் நடந்து கொள்கிறார்கள். இறுதியாக அது பிள்ளையின் நடத்தையிலும் படிப்பிலும் மனநிலையிலும் வெளிப்படுகிறது.

சகோதரர்களே! ஒரு சங்கிலியைத் துண்டிப்பதற்கு அதன் முதல் கண்ணியைத்தான் உடைக்க வேண்டும் என்பதில்லை. நாட்டின் பொருளாதாரத்தை ஒரு தந்தையால் சீர்செய்ய இயலாது. ஆனால் இடையிலுள்ள கண்ணிகள் அவரது வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தாங்கி, பிரச்சினைகளைக் கூடிப் பேசித் தீர்க்கும் வீடுகளில் அதே நெருக்கடி குறைவான காயத்தையே ஏற்படுத்தியது என்று அயோவா ஆய்வு காட்டுகிறது. பாட்டன் பாட்டியோடும், பாடசாலையோடும், தமது வணக்கத்தலச் சமூகத்தோடும் நெருங்கியிருந்த பிள்ளைகள் நன்கு தேறினார்கள் என்பதும் அங்கே காணப்பட்டது.

நமது நாட்டுக்கு இது பொருந்துமா?

நேர்மையாகக் கூறுவதாயின், அப்படியே பொருந்தாது. ஓக்லாந்தில் ஆராயப்பட்டவர்கள் வெள்ளையின நகரவாசிகள்; அவர்கள் பெரியவர்களானபோது போருக்குப் பின்னைய பெரும் செழிப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. அங்கு விலைகள் குறைந்தன. இங்கோ விலைகள் ஏறின. அதனால் நம் நாட்டில் வேலையை இழக்காதவரும் தமது சம்பளத்தின் பெறுமதியை இழந்தார். 2023இன் நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்குத் தணிந்தது உண்மையே. ஆனால் விலைகள் ஏறும் வேகம் குறைந்ததேயன்றி, அவை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காக நாட்டை விட்டுச் சென்றனர். அவ்வீடுகளில் பெற்றோரின் கோபமும் அன்பும் தொலைபேசி வழியாகவே பிள்ளையை வந்தடைகின்றன.

வேறுபாடுகள் இவ்வளவு இருந்தும், நெருக்கடி பெற்றோரின் நடத்தை வழியாகவே பிள்ளையைத் தீண்டுகிறது என்ற உண்மையை நம் ஊர் வீடுகளிலும் நாம் காண்கிறோம். ஆகவே பெற்றோர்களே, சில காரியங்களை நாம் இன்றே தொடங்கலாம்.

விளங்கும் வயதுடைய பிள்ளையிடம் வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள். "இம்மாதம் இவ்வளவுதான் வந்தது, இவ்வளவு கடன் இருக்கிறது" என்று அமைதியாக எடுத்துக் கூறுங்கள். காரணம் தெரியாத பிள்ளை, தந்தையின் மௌனத்தைத் தன்மீதான வெறுப்பு என்று எண்ணிக் கொள்ளும். பிள்ளைக்கு வீட்டில் ஒரு பங்கைக் கொடுங்கள். ஆனால் அந்தப் பங்கு அவனது பாடசாலையை விழுங்கிவிட இடமளிக்காதீர்கள். ஓக்லாந்துச் சிறுவர்கள் பாடசாலைக்குச் சென்றுகொண்டே உழைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே கடைக்கு அனுப்பப்படும் பிள்ளையின் நிலை வேறு. மனைவி தையல் மூலமோ சமையல் மூலமோ சம்பாதிக்கத் தொடங்கினால், அதனைத் தமது தோல்வியாகக் கணவர் கருத வேண்டாம். அதனைச் சொல்லிக் காட்டுவதை மனைவியும் தவிர்த்துக் கொள்ளட்டும்.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாப்பாவின் சினம் உங்களை நோக்கி வரும்போது, அதில் எவ்வளவு உங்களுக்குரியது, எவ்வளவு கடன்காரருக்குரியது என்று எண்ணிப் பாருங்கள். இது கொடுமையை நியாயப்படுத்துவது அன்று. கை நீட்டப்படும் வீட்டில் உம்மாவிடமோ, மாமாவிடமோ, ஆசிரியரிடமோ நீங்கள் பேசியே ஆக வேண்டும். ஆனால் வெறும் மௌனத்தால் பிரிந்து கிடக்கும் வீட்டில், முதல் வார்த்தை உங்களிடமிருந்தும் வரலாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! உலர் உணவுப் பொதி அவசியமானது, அதனை நிறுத்திவிடாதீர்கள். அதனைக் கொண்டு செல்பவர் வாசற்படியில் சற்று நின்று, "வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, விடையைச் செவிமடுத்துவிட்டு வரட்டும்.

நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் மாதக்கணக்கில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம். அதே நபியவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அக்காலத்தில் ஒரு கடிந்த சொல்லையேனும் தாம் கேட்டதில்லை என்று அறிவித்துள்ளார்கள். இவ்விரு செய்திகளையும் நாம் தனித்தனியே பலமுறை செவிமடுத்திருக்கிறோம். ஒன்றாக வைத்துப் பார்த்தால், வறுமையும் கடுமையும் ஒரே வீட்டில் சேர்ந்தே குடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது விளங்கும்.

அந்தச் சகோதரரை நான் பின்னர் தேடிச் சென்று சந்தித்தேன். அன்று கூறத் தவறியவற்றைக் கூறினேன். நெடுநேரம் மௌனமாக இருந்தவர், "அவனிடம் நிலைமையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது மௌலவி. எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். "வீட்டுக்குள் நுழையும்போது அவன் பெயரைச் சொல்லி ஸலாம் கூறுங்கள். அவன் எழுந்து போனாலும் மறுநாளும் கூறுங்கள்" என்றேன்.

நமது வீடுகளில் வருமானம் குறையும் நாட்களிலும் அன்பு குறையாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.